ஷுர்ஃபாவில் வந்த பேட்டி

கதவைத் தட்டுவது பத்திரிகைக்காரர் என்று தெரிந்தால், கெய்ரோ சினிமாக்காரர்கள் வேலைக்காரியை அனுப்பி "ஐயா ஊரில் இல்லை" என்று சொல்லச் சொல்வார்கள். இன்ஷிராஹ் அல்-தமன்ஹூரி தட்டினால் மட்டும் உள்ளே காபிக்குத் தண்ணீர் கொதிக்கும். அந்தத் தொழிலில் இருந்த ஒருவரைப் பற்றி இதைவிட நல்லதாக எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் இது நடந்தது.

நாங்கள் இருவரும் 'ஷுர்ஃபா' வார இதழில் வேலை பார்த்தோம். ஷுர்ஃபா என்றால் மாடம், நின்று தெருவை வேடிக்கை பார்க்கிற இடம். வியாழக்கிழமைதோறும் வெளிவரும். சினிமா, பாட்டு, நாடகம், நடிகர்களின் கல்யாணமும் விவாகரத்தும், நடுவே நாலு பக்கம் தையல், கடைசியில் ராசிபலன். படித்த பெரிய மனிதர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது அவர்களே எங்கள் இதழைத்தான் கையில் எடுப்பார்கள். நான் பக்கம் வடிவமைக்கிறவன். பெயர் நஸீம்.

இன்ஷிராஹ் ஸைய்யிதா ஸைனப் பகுதிக்காரர். ரயில்வே குமாஸ்தாவின் மகள். டெலிபோன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தொலைபேசியில் நடிகைகள் அவரிடம் மனம் விட்டுப் பேசுவதைப் பார்த்த ஆசிரியர் ரிஃப்அத், பேனாவைக் கொடுத்து உட்கார வைத்தார். 'முகப்பூச்சு இல்லாமல்' என்ற அவருடைய பேட்டித் தொடர் வருடக்கணக்கில் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "வியாழக்கிழமை எனக்கு நேரமில்ல, மத்த நாள்ல எவனும் கேக்கல" என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பேட்டியை எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்ப மாட்டார். எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த நடிகர் வீட்டுக்குப் போவார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். "இது வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அங்கேயே அடித்துவிடுவார். இதனால் இதழ் தாமதமாகும். ரிஃப்அத் தலையில் அடித்துக்கொள்வார்.

"நீ பத்திரிகைக்காரியா, நிக்காஹ் எழுதி வைக்கிற ஆளா? சம்மதமா சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் எழுதுவேங்கிற!"

"உஸ்தாஸ், சம்மதம் இல்லாம எழுதினா அதுக்கு வேற பேரு," என்பார் இன்ஷிராஹ். மரியாதைக்கு ஆணை உஸ்தாஸ், பெண்ணை உஸ்தாஸா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

நடிகை லவாஹிஸ் நஜீபின் பேட்டி வந்தது எண்பத்தாறில். லவாஹிஸ் கதாநாயகியாக ஒரு படத்திலும் நடித்ததில்லை. கதாநாயகியின் தோழியாக வந்து, கதாநாயகியை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாதபடி செய்துவிட்டுப் போகிறவர். கணவரைப் பிரிந்தபின், மகள் மனாரை அவளுடைய அத்தை வீட்டில், தன்தா நகரத்தில் விட்டுவிட்டு, வளைகுடாவில் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கப் போயிருந்தார். சில வருடம் கழித்துத் திரும்பி வந்து மகளைப் பார்க்கப் போனால், குழந்தை கையை நீட்டி "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி" என்றதாம்.

பேட்டிக்குப் போன இன்ஷிராஹ் இதைக் கேட்கவே இல்லை. ஏதோ ஒரு படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். லவாஹிஸ் தானாகவே ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் சொல்லி முடித்தார். மறு வாரம் மன்யல் தீவில் இருந்த அவர் வீட்டுக்குப் படித்துக்காட்டப் போனபோது நானும் கூடப் போனேன், புகைப்படம் தேர்ந்தெடுப்பதற்காக. லவாஹிஸ் ஈரத் துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு சோபாவில் படுத்திருந்தார். இன்ஷிராஹ் படித்தார்:

"'விட்டுட்டுத்தான் போனேன். வேற வார்த்தை எதுக்கு? பெத்த பிள்ளையை விட்டுட்டு கேமரா முன்னாடி போய் நின்னேன். அங்க வேற யாரோ பெத்த பிள்ளைக்கு அம்மாவா நடிச்சேன். நல்லா அழுதேன். எல்லாரும் கை தட்டினாங்க.'"

துணியை எடுக்காமலே லவாஹிஸ், "அதை இன்னொரு தடவை படி," என்றார்.

படித்தார்.

"எடுத்துடவா?" என்று கேட்டார் இன்ஷிராஹ்.

"வேணாம், இருக்கட்டும்டி. வருஷம் பூரா பொய்யா அழுதுதான் சோறு திங்கறேன். ஒரு வியாழக்கிழமையாவது நெசத்தைச் சொல்லிக்கறேன். அந்த ஆளு பேரை மட்டும் எடுத்துடு. என் பேட்டியில அவன் எதுக்கு?"

கணவர் பெயர் போனது. மற்றது நின்றது.

தலைப்புக்குத்தான் சண்டை. ரிஃப்அத் 'மகளைத் துறந்த நடிகை' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். நான் பக்கத்தில் அதை வைத்தும் விட்டேன். இன்ஷிராஹ் வந்து பார்த்தார். நேராக ரிஃப்அத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது ரிஃப்அத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது. 'தன்தாவுக்குப் போகும் ரயில்' என்று வைத்தோம். "ரயில்வே விளம்பரம்னு நெனைச்சுத் தாண்டிப் போயிடுவான்," என்று ரிஃப்அத் முனகினார். அந்த இதழ் சனிக்கிழமைக்குள் விற்றுத் தீர்ந்தது. பெண்கள் தெருவில் நிறுத்தி லவாஹிஸைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த வியாழன் வேறு அட்டை, வேறு முகம். போன வார இதழ் கடைக்காரனிடம் போய் பூசணி விதை மடித்துக் கொடுக்கப் பயன்பட்டது. அதுதான் எங்கள் தொழிலின் வழக்கம். யாருக்கும் குறையில்லை.

அந்தப் பேட்டிக்குப் பிறகு இருவரும் தோழிகளானார்கள். மனார் வளர்ந்து, படிக்க கெய்ரோ வந்து, முதலில் மாதம் ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தாள். கல்யாணம் ஆகி, மருந்துக்கடை வைத்து, பிள்ளைகளோடு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மன்யலுக்கு வருவது குடும்ப வழக்கமாகிவிட்டது. சில வெள்ளி இன்ஷிராஹும் அந்த மேஜையில் இருப்பார். பழைய கதையை அங்கே யாரும் எடுப்பதில்லை. மனாரும் கேட்டதில்லை. சிறு வயதில் அம்மா வேலைக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும் என்று லவாஹிஸ் நினைத்தார்.

எங்கள் இதழ் எப்போது சாக ஆரம்பித்தது என்று தேதி சொல்ல முடியாது. முதலில் டிஷ் வந்தது, அதைத் தாங்கினோம். பிறகு ஒவ்வொருவர் கையிலும் போன் வந்தது. நடிகை காலையில் எழுந்து முடி வாராமல் தன் படத்தைத் தானே எடுத்துப் போடுகிறாள். நாங்கள் அதை வியாழக்கிழமை போட்டால் யார் வாங்குவார்? பேட்டி கேட்டால் அவளுடைய மேனேஜர், "பேஜ்ல எல்லாம் இருக்கு, எடுத்துக்குங்க" என்பான். வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்ட இன்ஷிராஹ் தயார்தான், வீட்டுக்கு வரச் சொல்கிறவர் யாரும் இல்லை. ஒருநாள் தலஅத் ஹர்ப் தெருவில் எங்கள் இதழை முப்பது வருடமாக விற்ற பயூமி, கம்பியில் எங்களுக்குப் பதில் மொபைல் உறைகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க உஸ்தாஸா," என்றார். "இது காலையில மாட்டினா சாயங்காலம் போயிடுது. உங்களை மாட்டினா வெயில்ல வெளுத்து அங்கேயே இருக்கீங்க."

"வெளுத்தது நான்தான் பயூமி, அட்டை இல்ல," என்று சிரித்துவிட்டு இன்ஷிராஹ் நடந்தார்.

இரண்டாயிரத்துப் பதினாலில் ஒரு முதலீட்டுக் கம்பெனி எங்களை வாங்கியது. புதன்கிழமை, பக்கங்கள் எல்லாம் முடிந்து அச்சுக்குக் கிளம்பும் நேரத்தில், புதிய நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "இனிமே பேப்பர் இல்ல, இணையம் மட்டும்" என்றார். கடைசி இதழ் என்று ஒன்று வரவே இல்லை. தயாரான பக்கங்கள் என் கணினியிலேயே தங்கிவிட்டன. அதில் இன்ஷிராஹின் பேட்டி ஒன்றும் இருந்தது. எழுபது வருடப் பத்திரிகை வாசகரிடம் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், தெருவில் பாதி வார்த்தையில் செத்து விழுந்தவன் மாதிரி விழுந்தது.

எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்ஷிராஹை மட்டும் கூப்பிட்டார்கள். இணையதளத்தைப் பார்த்துக்கொண்ட ஹைஸம் என்ற இளைஞன், மரியாதையான பையன்தான், தேன் மாதிரிப் பேசினான்.

"உஸ்தாஸா, இந்தப் பழைய தொகுதிகள் பொக்கிஷம். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தப் போறோம். படத்துல இருக்கறவங்க யாருன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்க வந்து சொல்லணும். ஷுர்ஃபா சாகல, மொராக்கோவுலேருந்து ஈராக் வரைக்கும் படிக்கப் போறாங்க."

இன்ஷிராஹ் நம்பினார். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் மெட்ரோவில் போய், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து, "இது இன்னார், பக்கத்துல இன்னார், இந்தப் படம் இன்ன விழாவுல எடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அலுவலகத் தொகுப்பில் காணாமல் போயிருந்த இதழ்களுக்குத் தன் வீட்டிலிருந்த சொந்தப் பிரதிகளைப் பையில் போட்டுத் தூக்கிப்போனார். எண்பத்தாறின் அந்த இதழும் அதில் ஒன்று. நல்ல பேட்டிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்று ஹைஸம் கேட்டபோது, 'தன்தாவுக்குப் போகும் ரயில்' கட்டுரையை அவரே முதலில் எடுத்து வைத்தார். "இதுதான் நான் எழுதினதுலயே நல்லது," என்றாராம்.

ஒருநாள் அவரைப் பார்க்க அங்கே போனேன். தொகுதிகளின் முதுகை இயந்திரத்தில் வெட்டி, தாள் தாளாகப் பிரித்து ஸ்கேனரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஷிராஹிடம் கேட்டேன்:

"வெட்டறாங்களே, அப்புறம் தைப்பாங்களா?"

"பல்லு பிடுங்கினா ரத்தம் வராதா நஸீம்?" என்றார். "உள்ளே இருக்கறது பத்திரமா இருக்கும். தாள்ல என்ன இருக்கு?"

தைக்கவில்லை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள். அவருடைய சொந்தப் பிரதிகளையும் சேர்த்து.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் எதுவும் நடக்கவில்லை. பழைய பக்கங்கள் இணையத்தின் ஏதோ மூலையில் கிடந்தன, யாரும் பார்க்கவில்லை. இன்ஷிராஹ் மட்டும் அவ்வப்போது போனில் திறந்து பார்ப்பார்.

ஒரு ரமலான் மாதத்தில் லவாஹிஸுக்கு மறுபடி அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு தொடரில், வாடகைக்காரர்களோடு நாள் முழுவதும் மல்லுக்கு நிற்கும் வீட்டுக்காரக் கிழவியாக வந்தார். "வாடகை கொடு, இல்ல வாயை மூடு!" என்று அவர் கத்துகிற காட்சி எல்லார் போனிலும் சுற்றியது. பிள்ளைகள் அவர் படத்தை அனுப்பி ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள். லவாஹிஸ் மகிழ்ச்சியில் மிதந்தார். "கதாநாயகி ஆகறதுக்கு எனக்கு எழுபது வயசு ஆகணும்னு இருந்திருக்கு பாருடி," என்று இன்ஷிராஹிடம் சொல்லிச் சிரித்தார்.

ஊர் முழுக்கத் தேடுகிற பெயரை இணையதளம் விட்டுவைக்குமா? ரமலானின் இரண்டாவது வாரத்தில் ஷுர்ஃபா இணையதளத்தில் செய்தி வந்தது:

'பெற்ற மகளை வீசிவிட்டு கேமராவிடம் ஓடினேன்: லவாஹிஸ் நஜீபின் அதிர்ச்சி வாக்குமூலம். பேட்டி: இன்ஷிராஹ் அல்-தமன்ஹூரி.'

எண்பத்தாறு என்று எங்கேயும் இல்லை. அன்றைய தேதி இருந்தது. கட்டுரை முழுவதும் கீழே இருந்தது, ஒரு வரியும் மாற்றாமல். ஆனால் தலைப்பைத் தாண்டி யார் போகிறார்கள்? மாலைக்குள் இருபது தளங்கள் அதை எடுத்துப் போட்டன. இரவுத் தொழுகை முடிந்து வந்தவர்கள் போனைத் திறந்து அவரைத் திட்டினார்கள். 'இவள் தாயா?' 'இவளுக்கு மகள் ஒரு வாய்த் தண்ணீர் தரக்கூடாது.'

அந்த வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க மகள் குடும்பம் வரும் என்று லவாஹிஸ் வாத்து சமைத்து வைத்திருந்தார். பாங்கு ஒலித்தது. யாரும் வரவில்லை. போனை எடுக்கவும் இல்லை. பள்ளியில் மனாரின் மூத்த மகளிடம் வகுப்புப் பெண்கள், "உங்க பாட்டி உங்கம்மாவைக் குப்பையில போட்டாங்களாமே" என்று கேட்டிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் லவாஹிஸ் இன்ஷிராஹைக் கூப்பிட்டார். இன்ஷிராஹ் எனக்கு அப்படியே சொன்னார்.

"என்னடி பண்ணியிருக்க?"

"நான் பண்ணல லவாஹிஸ். சத்தியமா எனக்கே காலையிலதான் தெரியும்."

"உன் பேரு போட்டிருக்கு."

"பேரு என்னோடதுதான்."

"வார்த்தை?"

"வார்த்தை… உன்னோடது. எழுதினது நான். ஆனா அந்தத் தலைப்பு..."

"அவங்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தது யாரு?"

பதிலுக்குக் காத்திராமல் லவாஹிஸ் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நானும் அவரும் புதிய கெய்ரோவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், குளிர்பதனம், நோன்பு மாதத்தின் சோம்பல். ஹைஸம் எழுந்து நின்று வரவேற்றான்.

"உஸ்தாஸா! வாழ்த்துகள்! இந்த வருஷத்துலயே அதிகமா படிச்சது உங்க பேட்டிதான். பாருங்க, பாருங்க," என்று திரையைத் திருப்பினான். ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"எடுத்துடு, ஹைஸம்."

"எதை?"

"பேட்டியை. ஒரு குடும்பம் உடைஞ்சுபோச்சு."

அவன் நெற்றியைத் தடவினான். "நாங்க ஒரு வார்த்தைகூடச் சேர்க்கலையே. நீங்க எழுதினது, அவங்க சொன்னது. நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது."

"ஓடினேன்னு அவ எங்கடா சொன்னா? வீசினேன்னு எங்க சொன்னா?"

"அது தலைப்பு, உஸ்தாஸா. தலைப்பு அப்படித்தான் இருக்கும். உங்க காலத்துல இல்லையா?"

"என் காலத்துல நான் ஆசிரியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவேன். இங்க எந்தக் கதவைச் சாத்தறது? எல்லாம் கண்ணாடியா இருக்கு."

"தலைப்பை மாத்தறேன். உங்களுக்காக."

மாற்றினான். நாங்கள் திரும்பி மெட்ரோவில் ஏறுவதற்குள் புதிய தலைப்பு வந்துவிட்டது: 'லவாஹிஸ் நஜீப் மகளை வீசியது உண்மையா? அதிரவைக்கும் முழு விவரம்.' அந்தக் கோடு இன்னும் மேலே போயிருக்கும். இன்ஷிராஹ் போன் செய்து தன் பெயரையாவது எடுக்கச் சொன்னார். அதை உடனே செய்தான். தான் எழுதியவற்றிலேயே நல்லது என்று அவர் நினைத்த கட்டுரை பெயரில்லாமல் அங்கே நின்றது.

அப்போதும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மனார் தலைப்பை மட்டும் பார்த்திருப்பாள். முழுவதும் படித்தால் மனம் இளகும். அம்மா எப்படித் துடித்தாள் என்று அதில் இருக்கிறதே. நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில் ஹெலியோபோலிஸில் இருந்த மனாரின் மருந்துக்கடைக்குப் போனார். நானும் போனேன். மனார் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் ஒரு வாடிக்கையாளருக்கு இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி."

"மனார், கண்ணு, அந்தத் தலைப்பைப் பார்த்து நீ..."

"தலைப்பா? நான் முழுசாப் படிச்சேன். மூணு தடவை படிச்சேன்."

இன்ஷிராஹ் கைப்பையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு வார்த்தை மிகையில்ல. எங்கம்மா பேசற மாதிரியே இருக்கு." மனார் குரலை உயர்த்தவே இல்லை. "நான் கையை நீட்டி ஆன்ட்டின்னு சொன்னது, என் ஃபிராக்குல பொத்தான் இல்லாதது, ராத்திரி படுக்கையை நனைச்சது, எல்லாம் இருக்கு. அச்சுல போடறதுக்கு முன்னாடி எங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டினீங்களாமே. எப்பவும் அப்படித்தான் செய்வீங்களாமே."

"ஆமாம்மா."

"என்கிட்ட யாரு படிச்சுக் காட்டினா?"

ஒரு பெண் உள்ளே வந்து குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கேட்டாள். மனார் எடுத்துக் கொடுத்து, எத்தனை முறை கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண் போனதும் தொடர்ந்தாள்.

"அந்த வாரம் தன்தாவுல எங்க மாமா என்ன செஞ்சாராம் தெரியுமா? ஸ்டேஷன் பக்கத்துக் கடையில இருந்த பிரதி எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து அத்தை வீட்டு அடுப்புல போட்டுட்டாராம். அத்தை இப்பத்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியக்கூடாதுன்னு. தெரியாமலே முப்பது வருஷம் ஓடிப்போச்சு. அந்தத் தெரியாமையில நான் எங்கம்மாவை மெல்ல மெல்லப் பிடிச்சுக்கிட்டேன். இப்ப என் மகள் போன்ல இருக்கு. நான் எந்தக் கடைக்குப் போய் வாங்கி எரிக்கறது, சொல்லுங்க?"

நான் ஏதோ சொல்லப் போனேன், இன்ஷிராஹ் என் கையைத் தட்டி நிறுத்தினார். வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் வெகு நேரம் நின்ற பிறகு, "ரிஃப்அத் சொன்னாரு இல்ல, நிக்காஹ் எழுதற ஆள்னு," என்றார். "அங்க ரெண்டு பக்கமும் கேப்பாங்க நஸீம். நான் ஒரு பக்கந்தான் கேட்டேன்."

லவாஹிஸ் வீட்டுக்கு இன்ஷிராஹ் ஒரே ஒருமுறைதான் அதன்பின் போனார். லவாஹிஸ் கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"உன்மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும்," என்றார். "எடுத்துடவான்னு கேட்ட. இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். ஆனா உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்கு அந்தப் பேட்டிப் பக்கம்தான் தெரியுது. வராதடி. திட்டறேன்னு நெனைக்காத. முடியல, அவ்வளவுதான்."

மனார் அம்மாவைக் கைவிட்டாள் என்று சொல்ல முடியாது. மருந்து வாங்கி அனுப்பினாள், டாக்டரிடம் கூட்டிப்போனாள். வெள்ளிக்கிழமை மட்டும் நின்றுவிட்டது. பிள்ளைகளை அழைத்து வருவதும் நின்றது. அடுத்த ரமலானுக்கு லவாஹிஸை நடிக்கக் கூப்பிட்டார்கள், வீட்டுக்காரக் கிழவியாகவே. போகவில்லை. ஒரு குளிர்காலத்தில், நெஞ்சில் நீர் கோத்து, மருத்துவமனையில் இறந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி எழுத யாரும் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

உமர் மக்ரம் பள்ளிவாசலில் துக்கம் விசாரிக்கும் கூட்டம் நடந்தது. வாசலில் போனை உயர்த்திப் பிடித்த பையன்களும் பெண்களும் நெருக்கியடித்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட நடிகைகள் இறங்க இறங்க ஓடினார்கள். மனார் வந்தபோது ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, "அம்மாவை மன்னிச்சிட்டீங்களா மதாம்?" என்று கேட்டான். மனாரின் கணவர் அவன் கையைத் தட்டிவிட்டார். அப்படித் தட்டிவிட்டது தனிச் செய்தியாக வந்தது. 'மகளை வீசிய நடிகை மறைந்தார்' என்று ஷுர்ஃபா தளம் போட்டது, கீழே பழைய கட்டுரை.

இன்ஷிராஹ் பெண்கள் பக்கத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து குர்ஆன் ஓதுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மனாரிடம் போய்க் கை கொடுத்தார். மனார் கையைக் கொடுத்தாள், எல்லாருக்கும் கொடுத்த மாதிரியே. வாசலில் ஒரு பெண் இன்ஷிராஹை மறித்து, "நீங்க பழைய நடிகையா, ஹாஜா?" என்று, வயதான பெண்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லோடு கேட்டாள். "இல்லம்மா," என்றார். அவள் உடனே அடுத்த காரை நோக்கி ஓடினாள்.

இரண்டு வருடம் கழித்து கம்பெனி ஷுர்ஃபா தளத்தையும் மூடிவிட்டது. இனிமேல் யாரும் படிப்பதில்லை, வீடியோதான் என்றார்களாம். ஹைஸம் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் காலை இன்ஷிராஹ் வழக்கம்போல் திறந்து பார்த்தபோது, இந்தப் பக்கம் இல்லை என்று மட்டும் வந்தது. ஸ்கேன் செய்தவை, அவர் பெயர் சொல்லிக் கொடுத்த முகங்கள், எழுபது வருடம், எல்லாம் போயிருந்தன. தாளும் இல்லை, அதன் நிழலும் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பை எடுத்துப் போட்ட இருபது தளங்களில் பாதி இன்னும் இருக்கின்றன. அவற்றில் தலைப்பும் முதல் இரண்டு வரியும் மட்டும்தான். மீதியைப் படிக்க இங்கே அழுத்தவும் என்று இருக்கும். அழுத்தினால் ஒன்றும் வராது.

போன வருடம் மனார் இன்ஷிராஹுக்குப் போன் செய்தாள். நான் அப்போது ஸைய்யிதா ஸைனபில் அவர் வீட்டில்தான் இருந்தேன். ரொட்டியோடு ஃபூல் என்கிற மொச்சை மசியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்குக் காது மந்தமாகிவிட்டதால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஆன்ட்டி, அம்மாவோட அந்தப் பேட்டி... முழுசா உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்கும்மா?"

"அம்மா குரல் மறந்துட்டே வருது. படத்துல பேசறது வேற யாரோ எழுதினது. அதுல மட்டும்தான் அவங்க பேசறாங்க. நான் அப்ப எடுத்து வெச்சுக்கல. இப்பத் தேடினா அந்தத் தலைப்புதான் வருது."

இன்ஷிராஹ் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை அசைத்தேன். என்னிடமும் இல்லை. தளம் மூடியதுமே தேசிய நூலகத்தில் விசாரித்திருந்தோம். அந்த வருடத்துத் தொகுதி தொலைந்துபோனது என்றார்கள். எஸ்பெகிய்யா பழைய புத்தகக் கடைகளில் இரண்டு மாதம் அலைந்திருந்தேன். எண்பத்தைந்து கிடைத்தது, எண்பத்தேழு கிடைத்தது.

"என்கிட்ட இல்லம்மா," என்றார் இன்ஷிராஹ். "இருந்ததையும் கொடுத்துட்டேன்."

"பரவாயில்ல ஆன்ட்டி," என்றாள் மனார். "உடம்பைப் பார்த்துக்குங்க."

போனை வைத்தார். ஃபூல் ஆறிப்போயிருந்தது. நான் சூடு பண்ணட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரொட்டியைப் பிய்த்து அப்படியே சாப்பிட ஆரம்பித்தார்.